எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்

பிப்ரவரி 3

என் வாலுவுக்கு அண்ணன் எழுதுவது.

நாங்கள் இங்கே சுகம். உன் அண்ணியின் முழங்காலில் மட்டும் ஒரு வலி வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்?

போனில் பேசினால், "அண்ணா, மெழுகு உருகிட்டிருக்கு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். உலகத்தில் உள்ள பல் செட்டெல்லாம் நீ ஒருத்திதான் செய்கிறாய் போலிருக்கிறது. அதனால்தான் எழுத்தில் பிடிக்கிறேன். காகிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது பார்.

போன வாரம் எங்கள் பரிசோதனை வண்டியை ஒரு பிஸ்கட் தொழிற்சாலை வாசலில் நிறுத்தினோம். வண்டியை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துவதோடு என் வேலை முடிந்தது. ஆனால் உள்ளே நர்ஸம்மாவும் மார்பக எக்ஸ்ரே எடுக்கும் பெண்ணும் காத்திருக்க, வெளியே பெண்கள் ஒருத்தியை ஒருத்தி முன்னால் தள்ளிவிட்டுக்கொண்டே நிற்பார்கள். படியில் ஒருத்தியும் கால் வைக்க மாட்டாள். அப்புறம் நான்தான் பஸ் கண்டக்டர் மாதிரிக் கத்துவேன்: "ஏறுங்கம்மா ஏறுங்க, உள்ளே நிறைய இடமிருக்கு, டிக்கெட் கிடையாது!" சிரித்துவிட்டால் போதும், ஏறிவிடுவார்கள். ஆண்கள்தான் மோசம். மலத்தில் ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கான சின்னக் குப்பியை நீட்டினால், "இதுலயா!" என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். ஒருவர் ஷூ லேஸைக் கட்டுவதுபோல் குனிந்தவர், குனிந்தபடியே நழுவிவிட்டார்.

ஊரையெல்லாம் ஏற்றிவிடுகிறேன், என் தங்கை ஏறவில்லை. உனக்கு ஐம்பது தாண்டியாயிற்று. நீ பல் செட் செய்கிற மருத்துவமனையிலேயே இதற்கென்று தனி அறை இருக்கிறது. "எனக்குத்தான் வலியே இல்லையே" என்று ஆரம்பிக்காதே. வலி வந்த பிறகு போனால் அதற்குப் பெயர் வைத்தியம். நான் சொல்வது அதற்கு முந்தின வேலை. மாப்பிள்ளையையும் இழுத்துப் போய் பிரஷர் பார்.

போய்விட்டு வந்து எழுது. அதுவரை விடமாட்டேன்.

உன்னை நச்சரிக்கும்,
அண்ணன்

பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணியின் முழங்காலை நான் விசாரித்ததாகச் சொல். இங்கே எங்கள் இருவருக்கும் குறையில்லை என்று எழுதலாம் என்றிருந்தேன். உன் வாய் முகூர்த்தம், இவருக்கு பிரஷர் இருக்கிறது. இப்போது தினம் ஒரு மாத்திரை, உப்புக் குறைத்த சாப்பாடு. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது. "உங்கண்ணன் சும்மா இருந்திருந்தா எனக்கு பிரஷரே வந்திருக்காது" என்கிறார்.

நானும் மார்பக எக்ஸ்ரேவுக்குப் போனேன். சட்டையை இஸ்திரி போடுவது மாதிரி இரண்டு தகட்டுக்கு நடுவில் வைத்து அமுக்கினாள் அந்தப் பெண். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் திட்டலாம் என்று வாயைத் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

அதற்கு முன்னால் ஒரு நர்ஸ் குடும்பத்தில் யார் யாருக்கு என்னென்ன வியாதி என்று கேட்டாள். அப்பாவுக்குக் குடலில் புற்றுநோய், அறுபதைப் பார்க்காமலே போய்விட்டார் என்றேன். சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கும் உங்க அண்ணனுக்கும் குடல் பரிசோதனை பண்ணியாச்சா? நாற்பதிலேயே ஆரம்பிச்சிருக்கணுமே" என்றாள். நான் இன்னும் இல்லை, ஆனால் அண்ணன் அந்த வேலையிலேயே இருக்கிறார், அவர் பண்ணாமலா இருப்பார் என்று சொல்லிவிட்டேன்.

சரிதானே? நீ எப்போது பார்த்துக்கொண்டாய்? எங்கே பார்த்தார்கள் என்று எழுதினால் எனக்கும் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
உன் வாலு

மார்ச் 12

என் வாலுவுக்கு,

மாப்பிள்ளையின் பிரஷரும் உன் கோபமும் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

நீ போய் வந்ததைப் படித்ததும் வண்டியிலேயே நர்ஸம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இஸ்திரி என்ற இடத்தில் சிரிப்பு தாங்கவில்லை அவர்களுக்கு. இங்கே காலம் தப்பி விடாத மழை. ஜெனரேட்டர் இரண்டு தடவை படுத்துவிட்டது. பெரியவளை அவள் வேலை செய்யும் கண்ணாடிக் கடையில் மேலாளர் ஆக்கியிருக்கிறார்கள். அதிலிருந்து வீட்டிலும் எங்களை மேலாண்மை செய்கிறாள். சின்னவன் வழக்கம்போல பழுது பார்க்கப் போன ஏதாவது ஒரு லிஃப்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடக்கிறான். அண்ணியின் முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கினேன். வலி போகவில்லை, வாசனை மட்டும் வீடு பூராவும் இருக்கிறது.

மாப்பிள்ளை மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது என்று நான் சொன்னதாகச் சொல்.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அண்ணன்

மார்ச் 25

அண்ணா,

நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

என்னைத் திரும்ப வரச் சொன்னார்கள். படம் சரியாக விழவில்லை, அதற்காகத்தான் என்று நினைத்துக்கொண்டு தனியாகவே போனேன். இன்னொரு படம் எடுத்தார்கள். பிறகு ஊசி போட்டுத் துளி சதை எடுத்தார்கள். நேற்றுச் சொல்லிவிட்டார்கள், கெட்ட கட்டிதான். இடது பக்கம். "கையால தடவினா தட்டுப்படவே படாது, அவ்வளவு சின்னது. நீங்க வரலைன்னா இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்" என்றார் டாக்டர். கட்டியை மட்டும் எடுத்தால் போதுமாம்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். எழுந்து போய்ப் பாத்திரமெல்லாம் தேய்த்தார். கழுவி வைத்ததையே எடுத்து மறுபடியும் கழுவினார்.

இன்று வேலைக்குப் போனேன். ஒருவருக்கு மெழுகில் பல் அடுக்கும்போது முன்பல் இரண்டையும் இடம் மாற்றி வைத்திருக்கிறேன். பக்கத்து மேஜைக்காரி காட்டிய பிறகுதான் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அப்படிச் செய்ததில்லை.

அறுவை சிகிச்சை அடுத்த மாதம் முதல் வாரம். நீ வந்து பக்கத்தில் இருந்தால் தேவலை.

போன தடவை நான் கேட்டதில் ஒன்றுக்கு நீ பதில் எழுதவில்லை. இப்போது கேட்க எனக்குத் தெம்பில்லை. அப்புறம் கேட்கிறேன்.

வாலு

ஜூன் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணியும் பிள்ளைகளும் சுகமா? எனக்குக் கதிர் சிகிச்சையும் முடிந்துவிட்டது. தோல் கொஞ்சம் கருத்திருக்கிறது, மாலையானால் அசதி, அவ்வளவுதான். "வருஷத்துக்கு ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இவரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். நீ அன்றைக்கு நச்சரிக்கவில்லை என்றால் நான் மெழுகை உருக்கிக்கொண்டே இருந்திருப்பேன். அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன், போதும்.

ஏப்ரலில் நீ வந்து கூட இருந்தாயே, அப்போது பார்த்ததை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். உன் பெல்ட்டில் சூட்டுக்கம்பியால் குத்தின புது ஓட்டை இருந்தது. தட்டில் பாதிச் சாப்பாட்டை ஒதுக்கினாய். குளியலறைக்குள் போனால் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. இவரும் கவனித்திருக்கிறார். "உங்கண்ணனுக்கு வயித்துல என்னமோ சரியில்ல போலிருக்கே" என்றார்.

சிகிச்சை முடிந்த கையோடு எனக்குக் குடலையும் பார்த்துவிட்டார்கள். சுத்தமாக இருக்கிறதாம். அந்த டாக்டரும் கேட்டார், கூடப்பிறந்தவர்கள் யாரும் இருக்கிறார்களா என்று.

இருக்கிறார் என்றேன். மேலே என்ன சொல்வது? நீ பார்த்துக்கொண்டாயா இல்லையா? இதற்கு மட்டும் பதில் எழுது. ஜெனரேட்டரைப் பற்றி வேண்டாம்.

வாலு

ஜூலை 22

என் வாலுவுக்கு,

மாப்பிள்ளையும் நீயும் நலமாக இருப்பீர்கள். உன் கடிதம் வந்தபோது வண்டி மலைப்பக்கம் போயிருந்தது, அதுதான் தாமதம்.

பெல்ட் ஓட்டை பழசு. உனக்கு இருந்த பதற்றத்தில் கண்டதெல்லாம் கண்ணில் பட்டிருக்கிறது.

சரி, நீ கேட்டதற்குப் பதில். நானும் பார்த்துவிட்டேன். போன வாரம்தான். காலையில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போனேன். படுக்க வைத்தார்கள், குழாய் விட்டார்கள், "ஒண்ணுமில்ல, போங்க" என்றார்கள். அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்.

இனி இந்தப் பேச்சை விட்டுவிடு.

அண்ணன்

ஜூலை 30

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்கு உடம்பு தேறிவிட்டது, கவலைப்படாதீர்கள். இதை அண்ணா இல்லாத நேரத்தில் படியுங்கள்.

குடல் பரிசோதனை செய்துகொண்டதாக அண்ணா எழுதியிருக்கிறார். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போனாராம். பிறகு வண்டி ஓட்டினாராம். அண்ணி, எனக்கு அதைச் செய்திருக்கிறார்கள். முந்தின நாள் பூராவும் பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் உள்ளே போகக்கூடாது. வாயில் வைக்க முடியாத ஒரு மருந்தைச் செம்பு செம்பாகக் குடிக்க வேண்டும், கழிப்பறையிலேயே குடியிருக்க வேண்டும். பரிசோதனைக்கு மயக்கம் கொடுப்பதால் அன்றைக்கு முழுதும் ஸ்கூட்டரைக்கூடத் தொடக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்.

நீங்கள் ஒரே வீட்டில் இருக்கிறீர்கள். அப்படி ஒரு நாள் நடந்ததா?

இல்லையென்றால் அவருக்கு என்ன செய்கிறது என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். நான் கேட்டால் சிரிக்க வைத்து அனுப்பிவிடுகிறார்.

உங்கள் நாத்தனார்

ஆகஸ்ட் 16

அன்பான நாத்தனாருக்கு,

நீ தேறிவிட்டாய் என்பது ஒன்றுதான் இப்போது இந்த வீட்டில் நல்ல சேதி. என் முழங்காலை விடு.

அப்படி ஒரு நாள் நடக்கவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, சாப்பிடும்போது கேட்டேன்.

"குடலைப் பார்த்தீங்களாமே, முந்தின நாள் மருந்து குடிச்சீங்களா?"

"என்ன மருந்து?" என்றார். சொன்ன உடனே அவருக்கே புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

"ரத்தம் போகுதா?"

"மூலம்தான்."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன்."

"ஊருக்கெல்லாம் குப்பி குடுக்குறீங்களே, நம்ம வீட்டுக்கு ஒண்ணு கொண்டு வர வழி தெரியலையா?"

தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்: "தினம் பார்க்கறேன். எல்லாரையும் அனுப்பிட்டு நர்ஸம்மா ஒருத்தரை மட்டும் 'நீங்க கொஞ்சம் உட்காருங்க'ன்னு சொல்லும். அவங்க அந்த நீல நாற்காலியில உட்காருவாங்க. நான் பக்கத்துல நின்னு பேச்சுக் குடுப்பேன். என்ன பேசினாலும் காதுல விழாது அவங்களுக்கு. எங்கப்பா கடைசி மூணு மாசம் எப்படிக் கிடந்தாருன்னு உனக்குத் தெரியாது. தங்கச்சியை மாமா வீட்டுக்கு அனுப்பிட்டோம். நான்தான் துணி மாத்தினேன். என்னை அந்த நாற்காலியில உட்காரச் சொல்லாதே."

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். கோபத்தில் இல்லை. நான் அழுவதை அவர் பார்க்க வேண்டாம் என்றுதான்.

மறுநாள் நர்ஸம்மாவிடம் போய்ச் சொன்னேன். அந்த அம்மாள் சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார். உட்காரக்கூட இல்லை. "வண்டிச் சாவியைக் குடுங்கண்ணே. நீங்க பரிசோதனை பண்ணிட்டு வாங்க, திருப்பித் தர்றேன்" என்று கையை நீட்டினார். இவர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். ஜோக் ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

வியாழக்கிழமை போகிறோம். உன்மேல் அவருக்குக் கோபம் இல்லை. எனக்கும் இல்லை.

அண்ணி

செப்டம்பர் 29

என் வாலுவுக்கு,

என் பொய் தெரிந்ததற்கப்புறம் நீ எனக்கு எழுதவே இல்லை. கோபமாக இருப்பாய். போனில் உன் குரலைக் கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை, அதனால் நீ கூப்பிட்டபோதெல்லாம் போனை அண்ணியிடமே கொடுத்துவிட்டேன். மாப்பிள்ளை சுகம்தானே?

இனிமேல் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். எனக்கும் புற்றுதான், ஆனால் உனக்கு வந்ததுபோலச் சின்னதாக இல்லை. குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். பக்கத்து நெறிக்கட்டிகளிலும் இருந்ததாம். டாக்டர் சின்ன வயசுக்காரர், கையைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னார்: "சில வருஷம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா ஒரு சின்ன முளையா இருந்திருக்கும் சார். பரிசோதனை பண்ணும்போதே கிள்ளி எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்போம்." அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதனால்தான் கேட்டுத் தாங்க முடியவில்லை.

மலம் இறங்குவதற்கு வயிற்றில் ஒரு பையை ஒட்டியிருக்கிறார்கள். "கண்டக்டருக்குப் பை இல்லாம எப்படி?" என்று உன் அண்ணியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

இனி மருந்து ஏற்றப் போகிறார்கள், ஆறு மாதம். நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டுப் போனார். வண்டியை இப்போது வேறு ஒருவர் ஓட்டுகிறாராம். நல்ல ஓட்டுநராம், ஆனால் வாயைத் திறப்பதில்லையாம். பெண்கள் வெளியிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறார்களாம்.

பொய் எழுதியதற்கு மன்னித்துக்கொள் என்று எழுதத் தோன்றுகிறது. நீ ஒரு வரி எழுதினால் போதும்.

அண்ணன்

மார்ச் 2

என் வாலுவுக்கு,

நீ ஒரு வரிக்குப் பதில் நேரிலேயே வந்து, மூன்று தடவை வந்து, என்னைத் திட்டித் தீர்த்துவிட்டாய். அதில் எனக்குப் பாதி வியாதி போன மாதிரி இருந்தது. மாப்பிள்ளை அனுப்பிய மெத்தை வசதியாக இருக்கிறது.

மீதிப் பாதி போகவில்லை. நேற்றுப் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஈரலுக்குப் போயிருக்கிறது. மருந்தை மாற்றிப் பார்க்கலாம் என்கிறார்கள். "பார்க்கலாம்" என்கிற வார்த்தையை எப்படிச் சொல்கிறார்கள் என்பதை வைத்தே இப்போதெல்லாம் எனக்கு அர்த்தம் தெரிந்துவிடுகிறது.

எனக்காக உன்னிடம் கேட்க ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன். தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் வந்திருப்பதால் இரண்டு பேரும் வயசு பார்க்காமல் இப்போதே பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று டாக்டர் அவர்களிடமே சொன்னார். தலையாட்டினார்கள். அதோடு சரி. பெரியவளிடம் கேட்டேன். "எனக்கென்னப்பா, நல்லாத்தான் இருக்கேன். முதல்ல நீங்க தேறுங்க" என்கிறாள். அந்த வார்த்தை யார் வாயிலிருந்து வந்ததோ அப்படியே திரும்பி வருகிறது. சின்னவன், "ஓடிட்டிருக்கறதை எதுக்குப்பா பிரிச்சுப் பார்க்கணும்?" என்றான். "ஓடற லிஃப்டைத்தானேடா நீ மாசாமாசம் பிரிச்சுப் பார்க்கறே?" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டான். சிரிக்க வைத்தால் ஏறிவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். இவன் ஏறவில்லை.

அவர்களுக்கு என்னைப் பார்த்துப் பயம். எனக்கு எங்கப்பாவைப் பார்த்து வந்த அதே பயம். நான் சொல்லி எடுபடாது. நீ போய்விட்டு வந்து உயிரோடு நிற்கிறவள். நீ கூட்டிக்கொண்டு போ.

சீக்கிரம் வா.

அண்ணன்

ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

உனக்கு வலி குறைந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். அண்ணி, அண்ணாவுக்குக் கண் கூசுகிறது என்றீர்களே, நீங்களே சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

உன்னைப் பார்த்துவிட்டுக் கிளம்பியபோது உன் பிள்ளைகள் இரண்டு பேரையும் எங்கள் ஊருக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன் அல்லவா? "அத்தை, லீவு இல்ல", "அத்தை, அடுத்த மாசம்" என்று வழியெல்லாம் பாட்டு. வீட்டில் மருந்தைக் கரைத்து இரண்டு செம்பில் வைத்தேன். எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டு அவர்கள் எதிரில் உட்கார்ந்து குடித்தேன். எனக்கு அது தேவையே இல்லை. பெரியவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நீங்க எதுக்கு அத்தை குடிக்கிறீங்க?" என்றாள். "நீங்க ரெண்டு பேரு மட்டும் கஷ்டப்பட்டா நல்லாருக்காதுல்ல" என்றேன். அதற்கப்புறம் மூச்சுவிடாமல் குடித்தாள். அன்றைக்குக் கழிப்பறைக் கதவுக்கு எங்கள் மூன்று பேருக்கும் நடந்த சண்டையை இவர் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்.

சின்னவனுக்குச் சுத்தமாக ஒன்றுமில்லை. வெளியே வந்ததும் சாப்பாடு எங்கே என்றான்.

பெரியவளுக்கு இரண்டு முளை இருந்தது. பரிசோதனையிலேயே எடுத்துவிட்டார்கள். ஒன்று பெரிசு, அப்படியே விட்டிருந்தால் அது எங்கே போய் நின்றிருக்கும் என்பதை டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமென்பதில்லை. சோதனைக்கு அனுப்பி நேற்று முடிவும் வந்துவிட்டது. புற்று இல்லை, அண்ணா. இல்லை. இனி மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துக்கொண்டால் போதும். தையல் இல்லை, ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தங்கவுமில்லை.

மயக்கம் தெளிந்ததும் அவள் கண்ணைத் திறந்து கேட்டது, "அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றுதான். போனில் அரைகுறையாகச் சொல்ல வேண்டாம், முடிவு வரட்டும் என்று காத்திருந்தேன். இப்போது சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை நானும் பிள்ளைகளும், மூன்று பேரும் வருகிறோம்.

உன் வாலு

ஏப்ரல் 12

அன்பான நாத்தனாருக்கு,

இது உனக்கு நீ கிளம்புவதற்குள் வந்து சேருமோ சேராதோ. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீ சொன்னபடி சத்தமாக வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "பெரியவளுது மட்டும் இன்னொரு தடவை வாசி" என்றார். வாசித்தேன். "இல்லைன்னு ரெண்டு தடவை எழுதியிருக்காளா?" என்றார். ஆமாம் என்றேன். அந்த இடத்தைக் காட்டச் சொல்லி விரலை வைத்துப் பார்த்தார்.

நேற்றிலிருந்து எதையும் வாயில் வாங்க மாட்டேன் என்றிருந்தவர், கொஞ்ச நேரம் கழித்து, "தலையணையைத் தூக்கி வை, அந்த சூப்பைக் குடு" என்றார். ஐந்தாறு ஸ்பூன் குடித்தார். போதும் என்று அவர் சொல்லவில்லை. நான்தான் சூடு பண்ணிக் கொண்டுவரலாம் என்று நிறுத்தினேன்.

சனிக்கிழமை என்று சொல்லியிருக்கிறேன். சீக்கிரம் வாருங்கள்.

அண்ணி